இரவு வானில் ஒரு வெட்டு: கண்டது எது என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

"சேர், நேற்று இரவு சிரியஸுக்குப் பக்கத்தில் ஒன்று பளிச்சென்று வெட்டிவிட்டு மறைந்தது. நட்சத்திரம் வெடித்துவிட்டதா?"

தை மாதத்தில் ஒரு காலை, பிரட்டுக்களத்தைத் தாண்டிப் பாடசாலைக்கு ஏறும் படிகளில் தரம் 10 மாணவி ஒருத்தி என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி இது. எவ்வளவு நேரம் தெரிந்தது என்று கேட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டதாம். மறுபடி வந்ததா என்று கேட்டேன்.

"தெரியாது சேர். அம்மாவைக் கூப்பிட உள்ளே ஓடிவிட்டேன்."

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கேள்வியைப் பல வருடங்களாகப் பல வாய்களில் கேட்டு வருகிறேன். மழை ஓய்ந்த தை, மாசி, பங்குனி இரவுகளில் எங்கள் வானம் அப்படித் திறந்து கிடக்கும். இஸ்தோப்பில் நின்று அண்ணாந்து பார்க்கிற எவர் கண்ணிலும் என்றாவது ஒரு வெட்டு விழும். அதன் நிறத்தையும் பிரகாசத்தையும்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அவை இரண்டும் அதிகம் உதவுவதில்லை. எவ்வளவு நேரம் நின்றது, திரும்ப வந்ததா, நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறியதா என்ற மூன்றும் தெரிந்தால் பத்தில் ஒன்பது வெட்டுகளுக்கு அந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடும்.

கண்டவுடன் செய்ய வேண்டியது

உள்ளே ஓடாதீர்கள். பார்த்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்று, இரண்டு என்று அறுபது வரை எண்ணுங்கள். எண்ணிக்கொண்டே அந்த இடத்தைப் பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து மனதில் பதியுங்கள். கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் மூடிய முட்டியின் அகலம் சுமார் 10 பாகை, நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5 பாகை, சுண்டு விரல் 1 பாகை. "கார்த்திகைக்குக் கீழே மூன்று விரல்" என்று சொன்னால் போதும், உலகத்தில் எவரும் அந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிடுவார்.

எண்ணி முடித்த பிறகு நேரத்தைப் பாருங்கள். போன் வெளிச்சம் கண்ணில் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் மீண்டும் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். திரையின் மேல் சிவப்புச் சருகுத்தாளை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமான காம்பராவிலிருந்து வெளியே வந்த முதல் ஐந்து நிமிடத்தில் கண்டது எதையும் நான் கொப்பியில் ஏற்றுவதில்லை.

இனி உங்களுக்குப் பொருந்துகிற அறிகுறிக்குப் போங்கள்.

ஒரே நட்சத்திரம் நின்ற இடத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் துடிக்கிறது

மார்கழி முன்னிரவில், கிழக்கு மலை விளிம்புக்குச் சற்று மேலே என்றால் அது பெரும்பாலும் சிரியஸ். சூரியனை விட்டுவிட்டால் நம் கண்ணுக்கு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம் அதுதான். தூரம் 8.6 ஒளியாண்டு. வான் அளவுகளில் அது அடுத்த லயத்து வீடு. அதற்கு எந்தக் கோளாறும் இல்லை, துடிப்பு முழுவதும் நம் தலைக்கு மேலே உள்ள காற்றில் நடக்கிறது.

நட்சத்திரம் எவ்வளவு பெரியதானாலும் இங்கிருந்து பார்த்தால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியின் ஒளி வெப்பமும் குளிருமாகக் கலங்கிய காற்றின் வழியே வரும்போது கணத்துக்குக் கணம் வளைகிறது. ஒவ்வொரு நிறமும் சற்று வேறு அளவில் வளைவதால் ஒரு கணம் சிவப்பு மட்டும் கண்ணில் விழுகிறது, அடுத்த கணம் நீலம். அடிவானத்தை ஒட்டிப் பார்க்கும்போது தலைக்கு நேர்மேலே பார்ப்பதைவிடப் பல மடங்கு காற்றைத் துளைத்துப் பார்க்கிறோம். மலைநாட்டில் இன்னொன்றும் சேர்கிறது. பொழுது சாய்ந்ததும் உச்சிகளின் குளிர்காற்று சரிவு வழியே பள்ளத்தாக்குக்கு இறங்க, பகலில் சூடான காற்று மேலே கிளம்புகிறது. அந்தக் கலக்கத்தின் ஊடாகத்தான் மலை விளிம்பு நட்சத்திரத்தைப் பார்க்கிறோம்.

சரிபார்க்க இரண்டு வழிகள். வானத்தில் வியாழனோ வெள்ளியோ இருந்தால் அதையும் பாருங்கள். கோள்கள் மிகச் சிறிய வட்டுகளாகத் தெரிவதால் அவ்வளவாகத் துடிப்பதில்லை. இல்லையென்றால் இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். அதே நட்சத்திரம் உயர ஏறி அமைதியாக நிற்கும்.

வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகில் உள்ளது அல்பா சென்டாரி, 4.37 ஒளியாண்டு. எங்கள் ஊர்களில் அது ஒருபோதும் உயரே வராது. யூன் நடுவில் இரவு ஒன்பது மணியளவில் நேர் தெற்கில், திரிசங்குக்கு இடப்பக்கம், அடிவானத்திலிருந்து இரண்டு முட்டிக்குச் சற்று மேலே நிற்கும். அதுவே அதன் உச்சம். தெற்கே உயர்ந்த மலை உள்ள தோட்டங்களில் அது தெரியவே தெரியாது. தெரிகிற இடங்களிலும் துடித்தபடிதான் இருக்கும். அதை ஆபத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஒரு வெட்டு, நின்ற இடத்தில், ஒரு நொடிக்கும் குறைவு

அந்த மாணவி கண்டது இதுதான். மக்கள் என்னிடம் கொண்டு வருவதிலும் பாதிக்கு மேல் இதுதான்.

மாலை நாலரை மணிக்கு மலையில் நின்று எதிர்ச் சரிவைப் பாருங்கள். திடீரென்று ஒரு லயத்துத் தகரம் கண்ணைப் பறிக்கும்படி மின்னும். வளைவில் திரும்பும் பஸ்ஸின் முன்கண்ணாடி ஒரு கணம் சூரியனாகவே மாறி அணையும். நீங்கள் பத்தடி தள்ளி நின்றிருந்தால் அந்த மின்னல் உங்கள் கண்ணில் பட்டிராது. பஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கண்ணாடியும் சூரியனும் உங்கள் கண்ணும் சரியான கோணத்தில் சேர்ந்த அந்த ஒரு கணம் மட்டும் வெட்டியது.

வானத்தில் நடப்பதும் இதுவே. தரையில் இருட்டிய பிறகும் 550 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஓடும் செய்மதியின் சூரியத் தகடோ வழவழப்பான ஒரு பக்கமோ அந்த வெயிலைக் கண்ணாடிபோல் திருப்பி அடிக்கும்போது தரையில் விழும் ஒளித்திட்டு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் அகலம்தான். அது நம் மேல் ஓடிக் கடக்கும் கணத்தில் ஒரு வெட்டு. முன்னும் பின்னும் அந்தச் செய்மதி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாக இருப்பதால், நட்சத்திரம் ஒன்று தோன்றி மறைந்ததாகத் தோன்றுகிறது. 2019 மே மாதம் ஸ்டார்லிங்க் செய்மதிகளை அறுபது அறுபதாக ஏவத் தொடங்கிய பிறகு தாழ்ந்த பாதைகளில் போக்குவரத்து பல மடங்கு கூடிவிட்டது.

இங்கே கடிகாரம் நமக்குக் கைகொடுக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருக்கிறோம். சூரியன் சாய்வாக இழுத்துக்கொண்டு போகாமல் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கிவிடும். பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரத்தில் நம் தலைக்கு மேலே 550 கிலோமீட்டர் வரை பூமியின் நிழல் ஏறிவிடுகிறது. ஆகவே மாலை எட்டு மணிக்குள்ளும் அதிகாலை ஐந்து மணிக்குப் பிறகும் தலைக்கு மேல் கண்ட வெட்டுக்குத் தாழ்ந்த செய்மதியை முதலில் சந்தேகியுங்கள். மேற்கு அடிவானப் பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் இந்தச் சந்தேகம் செல்லும்.

நடுச்சாமத்தில் உச்சி வானில் கண்டீர்களா? அப்படியானால் வெயில் எட்டும் உயரம் வரை போக வேண்டும். நீண்ட முட்டைப் பாதைகளில் சுற்றும் பழைய ராக்கெட் பாகங்கள் அங்கே உள்ளன. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுழலும் செய்மதிகளின் வளையமும் உள்ளது. தொலைத்தொடர்புக்கு அந்த உயரத்தைப் பயன்படுத்தலாம் என்று 1945 அக்டோபரில் எழுதிய அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பிற்பாடு இலங்கையிலேயே வந்து குடியிருந்தார். மலைநாட்டிலிருந்து பார்க்கும்போது அந்த வளையம் ஓரையன் வேட்டைக்காரனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களின் ஊடாகவே போகிறது. வேறு நாட்டு வழிகாட்டிகளில் இடம் வேறாக இருக்கும், ஏனென்றால் பார்ப்பவரின் அகலக்கோட்டுக்கு ஏற்ப வளையம் இடம் மாறித் தெரியும்.

எரிகல்லும் இப்படி நின்ற இடத்தில் வெட்டும். நம்மை நோக்கி நேராக வரும் எரிகல் கோடு போடாது, புள்ளியாக வீங்கி அணையும். டிசம்பர் 13, 14 இரவுகளில் மிதுனத் தொகுதியின் காஸ்டர் நட்சத்திரத்தை ஒட்டி இப்படி ஒன்று தெரிந்தால் பெரும்பாலும் அது ஜெமினிட் எரிகல். அந்தப் பொழிவின் கற்கள் எல்லாம் அந்தத் திசையிலிருந்துதான் கிளம்புவதாகத் தெரியும்.

மின்மினியையும் மறந்துவிடக் கூடாது. தேயிலை மலை விளிம்புக்குக் கீழேயும் அதே ஒளி தெரிந்தால், அல்லது தலையை ஒரு முழம் நகர்த்தும்போது அது நட்சத்திரங்களுக்கு நடுவே தாவினால், பத்து இருபது அடி தூரத்தில் பறக்கிற பூச்சி அது.

சரி, நட்சத்திரமாகவே இருக்க முடியாதா? சூரியனின் விட்டம் சுமார் 13 இலட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர். ஒளி நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் போகும். சூரியன் முழுவதும் ஒரே கணத்தில் பளிச்சிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நமக்கு நேரே உள்ள நடுப்பகுதியின் ஒளி முதலில் வரும், விளிம்பின் ஒளி இரண்டு நொடிக்கு மேல் பிந்தி வரும். கண் மூடித் திறக்கும் நேரத்துக்குள் அந்த வெட்டை முடிக்க இயற்கை விடாது. சிரியஸ் சூரியனைவிடவும் பெரியது. அரை நொடி வெட்டுக்கு அது காரணமாக முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

கைதேர்ந்தவர்களையும் இந்த வெட்டு அலைக்கழித்திருக்கிறது. 1980களின் நடுவில் கனடாவின் வான் பார்ப்போர் சிலர் பெர்சியஸ் தொகுதிப் பக்கம் அடிக்கடி வெட்டுகளைக் கண்டார்கள். 1985 மார்ச் 19 அன்று ஒன்று படத்திலும் விழுந்தது. புதுவகை விண்பொருள் என்று எல்லோரும் தேடினார்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடந்து போனது காஸ்மோஸ் 1400 என்ற செய்மதி என்று 1987இல் காட்டப்பட்டது. அண்மைக் கதை இன்னும் பெரிது. 2017இல் ஹவாயின் கெக் தொலைநோக்கி ஜிஎன்-இசட்11 என்ற மிகமிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலத்தை நோக்கியிருந்தபோது ஒரு பளிச்சீடு பதிவானது. 2020இல் அதைத் தொல்பழங்கால வெடிப்பு என்று வெளியிட்டார்கள். ரஷ்யாவின் புரோட்டோன் ராக்கெட்டின் மேலடுக்கு ஒன்று அப்போது அந்த வழியே போயிருந்தது என்று அடுத்த வருடமே மற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். 1300 கோடி ஒளியாண்டு என்று நினைத்தது நம் வாசலடியில் கிடந்தது.

சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வெட்டுகிறது

நொடிக்கு ஒன்று போல வெட்டி நகர்ந்தால் விமானம். சற்றுப் பொறுத்தால் இறக்கைகளின் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியும். சத்தம் பிந்தி வரும், அல்லது மலை மறைத்துவிட்டால் வராமலே போகும். சத்தம் இல்லை என்பதால் விமானம் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

சில நொடிக்கு ஒருமுறை, சில வேளை இருபது முப்பது நொடிக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் சற்றுத் தள்ளி வெட்டினால், அந்தப் புள்ளிகளை மனதில் ஒரு கோடாகச் சேருங்கள். நேர்கோடு கிடைத்தால் அது உருண்டு புரண்டு போகும் பழைய ராக்கெட் உடல் அல்லது செயலிழந்த செய்மதி. அடுத்த வெட்டு எங்கே விழும் என்று முன்கூட்டியே விரலை நீட்டிக் காட்டலாம். பிள்ளைகளோடு நிற்கும்போது இதைச் செய்து பாருங்கள், சரியாக விழுந்ததும் அவர்கள் முகம் மலர்வதைக் காணலாம்.

இடமே மாறாமல் சிவப்பாக வெட்டுகிறதென்றால் எழுந்து நின்று பகலில் அந்தத் திசையில் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். இரவில் மலையின் உருவம் இருட்டோடு கலந்துவிடும், கோபுரத்தின் உச்சி விளக்கு மட்டும் வானத்தில் தொங்கும். 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலையின் கோபுர விளக்குகள் பனிமூட்டத்துக்கு மேலே தெரியும் இரவுகளில், நுவரெலியாவுக்குப் புதிதாக வந்தவர்கள் நட்சத்திரம் என்றே நம்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன். உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலையின் படிக்கட்டு விளக்குகளும் அப்படித்தான். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து பார்த்தால் மலை மறைந்துபோய், விளக்குச் சரம் மட்டும் வானத்திலிருந்து இறங்குவதாகத் தெரியும்.

மெல்ல ஏறி, பிரகாசித்து, மெல்ல மங்குகிறது

பத்து, பதினைந்து நொடிக்குள் நகர்ந்தபடியே ஏறி இறங்கினால் தாழ்ந்த செய்மதி. பழைய வழிகாட்டிகளில் இரிடியம் என்ற பெயர் அடிபடும். 1997 முதல் 2002 வரை ஏவப்பட்ட அந்தச் செய்மதிகளில் கதவளவுக் கண்ணாடிபோன்ற அலைவாங்கித் தகடுகள் மூன்று இருந்தன. வெள்ளிக் கோளைவிடப் பல மடங்கு ஒளியோடு அவை மின்னும், எந்த ஊரில் எத்தனை மணி நொடிக்கு மின்னும் என்றும் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. 2017 முதல் 2019 வரை புதியவை அவற்றின் இடத்துக்கு வந்தன. புதியவற்றில் அந்தத் தகடு இல்லை. பழையவற்றில் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டார்கள். இன்று கண்டதை இரிடியம் என்று எழுதுவதற்கு முன் யோசியுங்கள்.

நகராமல், சில நிமிடம் எடுத்து ஏறி இறங்கினால் அது உயர்ந்த வளையத்தின் செய்மதியாக இருக்கக்கூடும். மார்ச் 20, செப்டெம்பர் 22 ஆகிய நாட்களை ஒட்டிய வாரங்களில், நடுச்சாமத்தின் அருகே, அவை பூமியின் நிழலுக்குள் போகும் முன்னும் வெளியே வந்த பின்னும் ஒளி கூடித் தெரியும். மார்ச்சில் மகத்துக்கும் சித்திரைக்கும் நடுவே உள்ள வெளியில் தேடுங்கள். உறுதி செய்வது எளிது. ஒரு கூரை முனையை அதனோடு ஒட்டி வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து அசையாமல் நில்லுங்கள். நட்சத்திரம் என்றால் நான்கு நிமிடத்தில் ஒரு சுண்டு விரல் அகலம் மேற்கே நழுவிவிடும். வளையச் செய்மதி கூரை முனையை விட்டு அசையாது.

ஒரு கணம் வானமே வெளிச்சமாகிறது

சித்திரையிலும் ஐப்பசியிலும் என்றால் முதலில் மின்னல். இடி கேட்கவில்லையே என்பார்கள். இடிச் சத்தம் பொதுவாக இருபது கிலோமீட்டருக்கு அப்பால் காதில் விழாது, மின்னலின் ஒளியோ முகிலில் பட்டு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தெரியும். ஹப்புத்தளை விளிம்பில் நின்றால் தலைக்கு மேலே நட்சத்திரங்கள் தெளிந்திருக்க, தெற்கே சமவெளிக்கு மேல் முகில்கள் சத்தமின்றி எரிந்து அணைவதை ஒரு மணி நேரம்கூடப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தென்மேல் பருவக் காற்று ஓங்கும் யூன், யூலையில் நீலப்பச்சை நிறமாக அடிவானம் மின்னினால் கரண்ட் கம்பியில் டர்பன்டைன் மரக்கிளை உரசியிருக்கலாம். அதே கணம் லயத்து விளக்கு மங்கி மீண்டதா என்று கேட்டுப் பாருங்கள். காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடக்கூடாது.

தரையில் உங்கள் நிழல் விழுந்து, அந்த நிழல் ஓடியதா? அப்படியானால் பெரிய எரிகல், தீக்கோளம் என்பார்கள். வாய் பேசாமல் ஐந்து நிமிடம் காது கொடுத்து நில்லுங்கள். அது மிகத் தாழ்ந்து வந்து உடைந்திருந்தால் தொலைதூரத்துப் பாறை வெடி போன்ற உறுமல் நிமிடங்கள் பிந்தி வரும். வெளிச்சத்துக்கும் உறுமலுக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணி எழுதி வையுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு.

முத்துக் கோத்ததுபோல் வரிசையாக விளக்குகள்

ஸ்டார்லிங்க். ஏவிய முதல் சில நாட்கள் அப்படித்தான் போகும், பிறகு பிரிந்துவிடும்.

பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிகிறது

இந்த அறிகுறியை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணை மூடிப் பாருங்கள். மூடிய பிறகும் வெட்டினால் அது வானத்தில் இல்லை, கண்ணுக்குள் இருக்கிறது. தலையைத் திருப்பும்போது கண்ணின் ஓரத்தில் மின்னல் வளைவுபோல் வருவதற்குப் பெரும்பாலும் காரணம், வயதாகும்போது கண்ணுக்குள் உள்ள கூழ் சுருங்கி விழித்திரையை இழுப்பது. அதோடு கூடப் புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தால், பார்வையின் ஒரு பக்கத்தில் திரை இறங்குவதுபோல் இருந்தால், விழித்திரை கிழிந்து பிரியத் தொடங்கியிருக்கலாம். வலி இருக்காது. வலி இல்லாததால்தான் ஆட்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அன்றைக்கே கண் வைத்தியப் பிரிவு உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். கொழுந்து நிறுக்கும் நாள், சம்பள நாள் என்று தள்ளிப்போட வேண்டாம். காலத்தோடு போனால் பார்வையைக் காப்பாற்ற வழி உண்டு. கண் மங்கினால் அது தேயிலை மலையில் கால் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஆபத்து.

படத்தில் மட்டும் ஒரு வெட்டு

அடுத்தடுத்து இரண்டு படங்கள் எடுங்கள். கெமராவின் கோளாறுப் புள்ளி இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கும். விளக்கின் பேய்நிழல் கெமராவைத் திருப்பும்போது எதிர்ப்பக்கம் ஓடும்.

எதிலும் அடங்கவில்லை

உண்மையிலேயே வெட்டும் நட்சத்திரங்கள் உண்டு. அவை நம் அயலிலேயே உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூரியனைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களில் பெரும்பான்மை செங்குறளிகள். மங்கலான, சிறிய, குமுறும் இயல்புள்ள நட்சத்திரங்கள். 8.7 ஒளியாண்டில் உள்ள யூவி சீட்டி 1952இல் இருபதே நொடியில் 75 மடங்கு பிரகாசமானது. எல்லாவற்றிலும் நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டில் உள்ள புரொக்சிமா சென்டாரி 2016 மார்ச்சில் சுமார் 68 மடங்கு ஒளி கூட்டி, வெறும் கண்ணின் எல்லையை ஒட்டி வந்தது. ஆனால் செங்குறளி ஒன்றுகூட வழக்கமான நிலையில் வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. குமுறல் ஏறுவது நொடிகளில் என்றாலும் தணிவதற்கு நிமிடங்கள் ஆகும். தொலைநோக்கி வைத்துக்கொண்டு, அது இருக்கும் இடத்தை முன்பே அறிந்து, மணிக்கணக்கில் காத்திருப்பவருக்கே அது வாய்க்கும்.

மிகத் தொலைவிலிருந்து வந்த ஒன்றும் உண்டு. 2008 மார்ச் 19 அன்று, நம் சுவாதி நட்சத்திரம் இருக்கும் தொகுதியில், 750 கோடி ஒளியாண்டு தொலைவில் நடந்த காமாக் கதிர் வெடிப்பு அரை நிமிடம்போல வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை எட்டியது. கிளார்க் கொழும்பில் காலமானது அதே நாள் அதிகாலை. வெடிப்பின் ஒளி பூமியை எட்டியபோது இலங்கையில் முற்பகல் பதினொன்றே முக்கால். இங்கே எவரும் அதைக் கண்டிருக்க முடியாது.

ஆகவே உங்கள் வெட்டு இந்த அறிகுறிகளில் எதற்குள்ளும் அடங்காவிட்டால், இரண்டாவது ஒரு கண் வேண்டும். அது அருகில் நிற்பவரின் கண்ணாக இருந்தால் போதாது. ஹப்புத்தளையில் படிப்பிக்கும் நண்பர் ஒருவரும் நானும் இதற்காகவே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். இரு பக்கமும் வானம் தெளிந்த இரவுகளில், ஒரே நேரத்தில், ஒரே வான்பகுதியைப் பார்த்து இருவரும் எழுதுவோம். தலவாக்கலைக்கும் ஹப்புத்தளைக்கும் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். 90 கிலோமீட்டர் உயரத்தில் எரியும் எரிகல் தலைக்கு மேலே என்றால் இரண்டு இடத்திலும் தெரியும், ஆனால் நட்சத்திரங்களுக்கு நடுவே இருபது பாகைக்கு மேல் விலகித் தெரியும். தாழ்ந்த செய்மதியின் கண்ணாடி வெட்டு ஒருவருக்கு மட்டும் தெரியும், அதன் ஒளித்திட்டு அத்தனை சிறியது. இருவருக்கும் தெரிந்து, இடமும் ஒன்றாகவே இருந்தால், பொருள் வெகு தொலைவில் இருக்கிறது.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அந்த மாணவியும் தன் தகப்பனோடு கொழுந்து மடுவத்தின் பக்கத்து மேட்டில் வந்து நின்றாள். கையில் பாடசாலையின் பைனாகுலர். ஓரையன் உச்சியில் நின்றது. இடுப்பின் நடு நட்சத்திரத்துக்குச் சற்றுக் கீழே ஒன்று வெட்டியது. இந்த முறை அவள் அசையவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்து. மறுபடி வெட்டியது. இன்னொரு ஐம்பத்தைந்து, இன்னொரு வெட்டு. ஒவ்வொரு தடவையும் புள்ளி ஒரு மயிரிழை கிழக்கே தள்ளி விழுந்தது. ஏழாவது வெட்டு இடுப்பின் கிழக்கு ஓரத்து நட்சத்திரத்துக்கு நேராக வந்திருந்தது.

மறுநாள் காலை ஹப்புத்தளை நண்பர் போனில் வாசித்த குறிப்பிலும் அதே நிமிடம், அதே நடு நட்சத்திரம், கண்ணளவில் அதே இடம். "அப்படியானால் நட்சத்திரம்தானே சேர்?" என்று கேட்டாள். ஒன்று மட்டும் கேட்டேன்: நடு நட்சத்திரத்திலிருந்து ஓர நட்சத்திரத்துக்கு எத்தனை பாகை? கொப்பியின் முன்பக்கத்தைப் புரட்டினாள். ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேல். ஆறு இடைவெளி, ஐந்தரை நிமிடம். பெருக்கினாள், வகுத்தாள், நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை என்று எழுதினாள். எழுதியதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நட்சத்திரங்கள்தான் நகர்ந்திருக்கின்றன சேர். அது நின்றிருக்கிறது."

"காரணம்" என்ற பகுதியில் முந்தைய இரவு 'நட்சத்திரம்' என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, அதன் பக்கத்தில் 'வளையம், 36,000 கி.மீ., சுழலும் பழைய செய்மதி' என்று எழுதினாள்.